போடியார் வீட்டு ஜீப்பும் நான் தட்டிய சத்தமும்

போன கிழமை, நம்முடைய கராச்சில் வேலை பழகுகிற உங்களில் ஒருவர், வண்டிக்காரரிடம் "இது சரிவராது" என்று சொல்லிவிட்டு, திரும்பவும் அதே வண்டிக்கு அடியில் படுத்துத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது. எல்லாருக்கும் முன்னால் ஏசிவிட்டேன். வேலை செய்ததற்கு ஏச்சு வாங்கிய முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். ஏன் ஏசினேன் என்று அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கராச்சுக்கு வருகிற வண்டியைத் திருத்துவது ஒரு தொழில். வீட்டு முற்றத்தில் நின்று திருத்துவது வேறு தொழில், தம்பிமாரே. இரண்டுக்கும் ஒரே ஸ்பேனர்தான் என்பதால் நீங்கள் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறீர்கள். கராச்சில் சொந்தக்காரன் வண்டியையும் திறப்பையும் தந்துவிட்டுப் போய்விடுவான். அவன் வீட்டில் யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. முற்றத்தில் நாம் போனட்டைத் திறந்தால் முழு வீடும் காதைத் திறந்துவிடும். நான் வேலை பார்த்த காலத்தில் பாதி வேலை முற்றங்களில்தான் நடந்தது. பழுதான ஜீப்பைக் கல்முனைக் கராச் வரைக்கும் யார் இழுத்து வருவது? நாம்தான் போகவேண்டும்.

ஆதம்பாவா போடியாரின் வீடு அக்கரைப்பற்றிலிருந்து சாகாமத்துக்குப் போகிற வழியில், வயல்களுக்கு நடுவே ஒரு மேட்டில் இருந்தது. நிறைய வயற்காணி உள்ளவர்களைப் போடியார் என்போம் என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய ஜீப், ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோர் கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்தது. எழுபதுகளின் கடைசியில் நான் அதை முதன்முதலாகப் பார்த்தபோதே அதற்கு வயது போயிருந்தது. ஒரு பக்கக் கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். றேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போட்டு அடைப்பேன். கஸ்கட் கிடைக்காவிட்டால் கலண்டர் அட்டையை வெட்டிப் போடுவேன். ஒவ்வொரு முறையும் அது எழும்பி ஓடும். போடியார் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "வண்டிக்கு நோயில்ல பாஸ், வயசுதான். எனக்கும் அதுதான்" என்று சிரிப்பார்.

அந்த வீட்டுக்கும் ஊருக்கும் நடுவே ஒரு தாழ்ந்த பாலம். மாரி மழையில் குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தால் பாலத்துக்கு மேலால் தண்ணீர் போகும். அந்த நேரத்தில் கடக்கக்கூடியவை இரண்டுதான்: போடியாரின் டிராக்டர், போடியாரின் ஜீப். விசிறிப் பட்டியைக் கழற்றி, முன்பக்கம் சாக்கைக் கட்டி, நாலு சில்லும் இழுக்க, முதல் கியரில் நிற்பாட்டாமல் போகவேண்டும். நானே அப்படிப் பல முறை போயிருக்கிறேன். எந்தத் தண்ணீரில் அது போகும், எதில் போகாது என்று பார்த்த மாத்திரத்தில் எனக்குச் சொல்லத் தெரியும்.

நான் சொல்லப்போவது எண்பதுகளின் நடுப்பகுதி. சண்டை தொடங்கி, தோளில் துவக்கு வைத்திருந்தவர்கள் எல்லாரும் வாகனம் கேட்ட காலம். யார், எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்காதீர்கள். வாசல் படலையில் வந்து நிற்கும்போது எல்லாத் துவக்கும் ஒரே மாதிரித்தான் இருந்தது. அதனால் வாகனம் வைத்திருந்த வீடுகளில் ஒரு பழக்கம் வந்தது. எஞ்சினில் தீப்பொறியைப் பங்கிடுகிற மூடிக்குள் ஒரு சின்னக் கறுப்புத் துண்டு இருக்குமே, றோட்டர், அதை ஓட்டம் முடிந்ததும் கழற்றி வீட்டுக்குள் ஒளித்துவிடுவார்கள். அது இல்லாமல் எஞ்சின் சுற்றும், பற்றாது. வந்தவர்களிடம் "வண்டி பழுது" என்று சொல்லலாம். ஒரு வீட்டில் அரிசிப் பானைக்குள் கிடக்கும், இன்னொரு வீட்டில் தலையணைக்குள். போடியார் வீட்டில் அவருடைய மனைவிதான் அதற்குக் காவல். அவரை நாங்கள் மாமி என்று கூப்பிடுவோம். போடியார் கழற்றிக்கொடுக்க, மாமி குசினியில் மிளகாய்த் தூள் இருக்கும் தகரப் பேணிக்குள் போட்டு மூடிவிடுவார்.

அந்த வருசம் போடியார் என்னைக் கூப்பிட்டது ஜீப்புக்காக அல்ல, மகளுக்காக. ஜெமீலா அவருக்கு ஒரே மகள். அந்த வீடு அவளுக்குச் சீதனமாக எழுதிய வீடு; மாப்பிள்ளை ஹனீபா நம்முடைய வழக்கப்படி பெண் வீட்டுக்கு வந்து இருந்தார். அவள் முதல் பிள்ளைக்கு முழுகாமல் இருந்தாள். மாரிக்குள் பிள்ளை பெறும் நாள் வந்துவிடும். "தண்ணி வந்தாலும் வண்டி நிக்கப்படா பாஸ். புள்ள நல்லபடியா ஆசுபத்திரிக்குப் போய்ச் சேரணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்" என்றார். டிராக்டர் அப்போது வீட்டில் இல்லை. துவக்குக்காரர்கள் அதை ஓட்டியோடு சேர்த்துக் கொண்டுபோயிருந்தார்கள். இரண்டுமே திரும்பி வந்திருக்கவில்லை.

ஜெமீலாவின் முகத்தை நான் நேராகப் பார்த்ததில்லை. கதவுக்குப் பின்னால் நின்று கதைப்பாள். தேத்தண்ணிக் கோப்பையை வாசற்படியில் வைத்துவிட்டு, "காக்கா, ஆறப்போகுது" என்று, அண்ணனைக் கூப்பிடுவதுபோல், குரல் மட்டும் வரும். கெட்டிக்காரக் குரல். ஒரு நாள் நான் எதையோ உடைத்துவிட்டு வாய்க்குள் ஏசியது அவளுக்குக் கேட்டுவிட்டது. "காக்கா, வண்டிக்கு ரோசம் வந்திரும்" என்றாள்.

ஒரு காலையில் எஞ்சினில் இருந்து ஒரு பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டிக்கொண்டிருந்தேன். படலையில் வான் வண்டி ஒன்று வந்து நின்றது. துவக்குகளோடு இறங்கினார்கள். மாமி உள்ளே போய்விட்டார். போடியார் எழுந்து நின்று எல்லாரும் சொல்வதைச் சொன்னார்: "வண்டி ஓடுறல்ல தம்பி. பழுது. பாஸ் பார்த்திட்டிருக்கார்."

அவர்களில் பெரியவன் போலிருந்தவன் சட்டைப்பையில் கையை விட்டான். எடுத்தது துவக்கு ரவை என்று நினைத்தேன். அது ஒரு றோட்டர். "எல்லா ஊட்டுலயும் இதத்தான் சொல்றீங்க" என்றான். அந்தத் தந்திரம் அவர்களுக்குப் பழசாகியிருந்தது. போடியாரின் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அந்த வயதில் ஓர் ஆளை மகளின் வீட்டு வாசலில் வைத்து அறைந்தார்கள். பிறகு அவன் வாசலில் நின்ற ஹனீபாவைப் பார்த்தான். "உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் ஹனீபா. பொய் சொல்லத் தெரியாத மனிசன்.

"அப்ப நீ எடு. எங்களோட வா. ரெண்டு நாளையில திருப்பி அனுப்புவம்."

டிராக்டர் ஓட்டியிடமும் இதையேதான் சொல்லியிருந்தார்கள். கதவுக்குப் பின்னால் ஜெமீலா மூச்சை இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர்களுடைய ஓட்டி ஒருவன் அந்த றோட்டரை வாங்கிக்கொண்டு என் பக்கம் வந்தான். "அந்தப் பிளக்கைப் பூட்டு" என்றான் என்னிடம்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். யோசிக்க நேரமில்லாதபோது என்ன யோசிக்கவேண்டும் என்று ஒருவரும் நமக்குப் படிப்பிப்பதில்லை. என் மனதில் வந்தது இவ்வளவுதான்: போன ஜீப்பை என்னால் திருத்த முடியாது, உடைந்த ஜீப்பைத் திருத்தலாம். போன ஆளைத் திருப்பிக் கொண்டுவர ஒரு ஸ்பேனரும் இல்லை. என் உள்ளங்கையில் ஒரு சின்ன நட்டு இருந்தது. பிளக்கைப் பூட்டக் குனிந்தபோது அதை அந்த ஓட்டைக்குள் விட்டேன். மேலே பிளக்கைப் பூட்டி வயரை மாட்டினேன்.

அவர்களுடைய ஓட்டி ஏறி ஸ்டார்ட் பண்ணினான். எஞ்சின் பற்றியது. உள்ளே யாரோ சம்மட்டியால் அடிப்பது போல் சத்தம் கேட்டது. பிறகு ஏதோ முறிந்து நின்றுவிட்டது. பெரியவன் என்னைப் பார்த்தான். "என்ன செஞ்ச?"

"நான் என்ன செய்யிற? கிழட்டு வண்டி. உள்ளுக்குள்ள உடைஞ்சிட்டு."

அவன் தன் ஓட்டியைப் பார்த்தான். அந்த ஓட்டி என்னைப் பார்த்தான். அவனும் நம்முடைய தொழில்காரன்தானே, அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. போனட்டுக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "பிஸ்டன் போய்ட்டு. இத இழுத்துட்டுப் போயும் வேலையில்ல" என்றான். தன் றோட்டரை மறக்காமல் கழற்றிக்கொண்டான். வான் போய்விட்டது. அவனை நான் பிறகு பார்த்ததே இல்லை. அவனுக்காக அல்லாஹ்விடம் எத்தனையோ முறை துஆக் கேட்டிருக்கிறேன்.

போடியாரிடம் உடனேயே உண்மையைச் சொன்னேன். அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு ஹனீபாவைப் பார்த்தார். "நல்ல வேல செஞ்சீங்க பாஸ். வண்டி போனாப் போகட்டும், மாப்புள இருக்கான். அல்ஹம்துலில்லாஹ்." கதவுக்குப் பின்னால் அழுகையும் சிரிப்புமாகச் சத்தம் கேட்டது.

அடுத்த நாள் எஞ்சினின் தலையைத் திறந்தேன். பிஸ்டன் உடைந்து, வால்வு வளைந்து, சிலிண்டர் சுவரிலும் கீறல் விழுந்திருந்தது. நான் நினைத்ததைவிட மோசம். சாமான் கொழும்பில்தான் கிடைக்கும். கொழும்புக்குப் பஸ் சீராக ஓடவில்லை, லொறிக்காரர்கள் போகப் பயந்தார்கள். ஒரு தெரிந்தவரிடம் சொல்லி அனுப்பினேன். வந்தால் வரும் என்ற நிலை.

போடியாரிடம் அதையும் மறைக்கவில்லை. "மாரிக்குள்ள இது சரிவராது போடியார். றோடு காஞ்சு கிடக்கிற நேரமே மகள அக்கரைப்பத்துல உங்கட தங்கச்சி ஊட்ட கொண்டுபோய் வைங்க" என்றேன்.

"தலப்புள்ள. அவட ஊடு இரிக்கக்குள்ள இன்னொரு ஊட்டுல போயா கிடக்கிற? சனம் என்ன சொல்லும்? நீங்க எப்படியும் எழுப்பிருவீங்க பாஸ். எத்தின தரம் எழுப்பியிருக்கீங்க" என்றார்.

"இந்தத் தரம் ஏலா போடியார்" என்றேன். ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்பச் சொன்னேன். அல்லாஹ் சாட்சி.

ஆனால் அப்படிச் சொல்லிவிட்டு நான் என்ன செய்தேன்? ஸ்பேனரை எடுத்துக்கொண்டு திரும்பவும் ஜீப்புக்குள் குனிந்தேன். உடைத்தவன் நான். அந்த முற்றத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வெட்கமாக இருந்தது. ஒரு பழைய லொறியின் பிஸ்டனைக் கொண்டுவந்து அராவிப் பார்த்தேன். வளைந்த வால்வைத் தட்டி நிமிர்த்தினேன். அது சரிவராது என்று தட்டும்போதே எனக்குத் தெரியும். இருந்தாலும் பஸ் ஓடிய நாளெல்லாம் கல்முனையிலிருந்து போய்த் தட்டினேன். ஒரு நாள் வாசற்படியில் கோப்பையை வைத்துவிட்டு ஜெமீலா கேட்டாள்:

"காக்கா, வண்டி எப்ப எழும்பும்?"

"சொல்ல ஏலா தங்கச்சி. நம்பியிருக்க வேணாம்."

"நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க. ஆனா நீங்க தட்டுற சத்தம் கேட்டா எனக்குப் பயமில்ல."

அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை எனக்கே பிடிப்பதில்லை.

மாரி முந்திக்கொண்டு வந்தது. குளம் வான் பாய்ந்தது. நான் அந்த வீட்டில் அகப்பட்டுக்கொண்டேன். பாலத்தைக் கடந்து ஊருக்குப் போக வழியில்லை. அப்படியிருக்கும்போது ஒரு காலையில், நாள் ஆகும் முன்பே அவளுக்கு வலி கண்டது. பக்கத்தில் இருந்த மருத்துவிச்சியைக் கூட்டிவந்தார்கள். உச்சி சாய்ந்த நேரத்தில் அந்த மனிசி வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டு, "இது என்ட கையால ஆகிற வேல இல்ல போடியார். பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார்.

கயிற்றுக் கட்டிலில் அவளைக் கிடத்தி, சீலையால் மூடி, மழைக்கு மேலே தார்ப் படங்கு போர்த்தினோம். வயற்காரர்களும் ஹனீபாவும் நானும் தூக்கினோம். முற்றத்தைத் தாண்டும்போது சீலைக்குள்ளிருந்து அவள் தாயிடம் கேட்டாள்: "உம்மா, ஏன் வண்டிய எடுக்கல்ல? நேத்தும் காக்கா தட்டிட்டு இருந்தாரே."

கட்டிலின் முன்கால் என் தோளில் இருந்தது. போனட் திறந்தபடி, வயிற்றில் ஒன்றுமில்லாமல் அந்த ஜீப் மழையில் நனைந்துகொண்டு நின்றது. அதைத் தாண்டித்தான் போனோம்.

பாலத்தின் மேலால் தண்ணீர் தொடையளவுக்கு இழுத்துக்கொண்டு போனது. வயற்காரர் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி இறங்கிப் பார்த்தார். கால் நிற்கவில்லை; இழுத்து எடுத்தோம். கட்டிலோடு இறங்கினால் எல்லாருமே போவோம். நான் தண்ணீரைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். அந்த ஜீப்பின் கனத்துக்கு, முதல் கியரில், அந்தத் தண்ணீரில் அது போயிருக்கும். எனக்குத் தெரியும். தண்ணீர் கொஞ்சம் இறங்கட்டும் என்று கரையில் கட்டிலை வைத்து, படங்கை நாலு மூலையிலும் பிடித்துக்கொண்டு நின்றோம். மருத்துவிச்சி தலைமாட்டில் இருந்து ஓதினார். அந்தியில், மஃரிபுத் தொழுகைக்கு முன்னால், ஜெமீலா மௌத்தானாள். வயிற்றில் இருந்த பிள்ளையும் அவளோடு போனது. மழை அப்போதும் விடவில்லை.

அடக்கம் முடிந்து சில நாட்களுக்குப் பிறகு, தண்ணீர் வற்றிய பாலத்தின் மேலால் போடியாரின் டிராக்டர் வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவன், அதோடு சேர்த்துக் கொண்டுபோகப்பட்ட அந்த வீட்டு ஓட்டிதான். மெலிந்து, தாடி வளர்ந்து இருந்தான், ஆனால் ஆள் முழுசாக இருந்தான். "உட்டுட்டானுகள்" என்றான். வீட்டில் நடந்தது அவனுக்குத் தெரியாது. ஹனீபா அவனைப் பார்த்தார், டிராக்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பாஸ், நானும் போய்த் திரும்பி வந்திருப்பன் போல. வண்டியும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வந்திருப்பாரா? நேரத்துக்கு வந்திருப்பாரா? அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அந்த நட்டைப் பற்றி எத்தனையோ வருசம் யோசித்துவிட்டேன். இன்றைக்கு அதே முற்றத்தில் அதே துவக்கு நின்றாலும் அந்த நட்டை நான் போடுவேன். கையில் இருந்த நேரத்தில், தெரிந்ததை வைத்து எடுத்த முடிவு அது. பின்னால் வந்ததை வைத்து அதை நிறுக்க நான் ஆயத்தமில்லை, உங்களையும் நிறுக்க விடமாட்டேன்.

என்னைத் தின்பது அடுத்த நாளிலிருந்து நான் தட்டிய தட்டுகள். வாய் "ஏலா" என்றது, கை "ஏலும்" என்றது. வீட்டுக்காரர்கள் வாயை நம்பமாட்டார்கள், தம்பிமாரே, கையைத்தான் நம்புவார்கள். நான் ஸ்பேனர்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு அன்றைக்கே கல்முனைக்குப் போயிருந்தால், முற்றம் சத்தமில்லாமல் கிடந்திருக்கும். அந்த அமைதிக்குப் பயந்தாவது போடியார் மகளை அக்கரைப்பற்றுக்குக் கொண்டுபோயிருப்பார். சரிவராது என்று சொன்னால் சாமானைக் கீழே வைத்துவிட்டு எழும்புங்கள். சும்மா நிற்க வெட்கமாக இருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு நில்லுங்கள். ஏசியதற்குக் காரணம் இதுதான்.

கொழும்புக்குச் சொல்லியனுப்பிய பிஸ்டன் கடைசியில் வந்தது. ஹனீபாதான் அக்கரைப்பற்றில் போய் அதை எடுத்துவந்து, என் முன்னால் வைத்தார். எனக்கு அந்த வேலை வேண்டாம் என்றிருந்தது. போடியார், "முடிச்சிருங்க பாஸ். குறையில கிடக்க வேணாம்" என்றார். அந்த நாட்களில் சுத்தியலுக்குச் சீலை சுற்றித்தான் தட்டினேன். வீட்டுக்குள் ஒருவருக்கும் கேட்கக்கூடாது என்று நினைத்தேன். வாசற்படியில் தேத்தண்ணியை இப்போது மாமி வைத்தார். ஆறப்போகுது என்று சொல்ல ஆளில்லை.

வேலை முடிந்த அன்று பின்னேரம் ஜீப் முதல் தட்டிலேயே பற்றியது. இவ்வளவு காலத்தில் அது அவ்வளவு சுத்தமாக ஓடி நான் கேட்டதில்லை. நிற்பாட்டிவிட்டு, பழக்கத்தில் மூடியைத் திறந்து றோட்டரைக் கழற்றினேன். எஞ்சின் நின்ற சத்தம் கேட்டு மாமியும் பழக்கத்தில் வாசலுக்கு வந்தார். கையில் மிளகாய்ப் பேணி, மூடி திறந்தபடி.

போடியார் கதிரையில் இருந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"பூட்டிருங்க பாஸ். ஆர் வேணுமெண்டாலும் கொண்டு போகட்டும். இனி ஆருக்காக ஒளிச்சி வைக்கிற?"

மாமி பேணியை மூடிக்கொண்டு உள்ளே போனார். நான் றோட்டரை அதன் இடத்தில் திருப்பி வைத்தேன்.